150 ஜெட் போட்டால் 20 குதிரை கூடுமா?

ராயபுரம் ஜீப்:
பழைய வில்லிஸ் பிக்கப்பில், கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டை 125-இலிருந்து 150 ஆக்கினால் 20 குதிரைசக்தி கூடும் என்று மணலி தம்பி எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. என்னிடம் இருப்பதும் அதே ஹரிக்கேன் எஃப்-ஹெட் என்ஜின், 2,199 சிசி. புதிதில் கம்பெனி சொன்னதே நிமிஷத்துக்கு 4,000 சுற்றில் 75 குதிரைதான். சோலெக்ஸ் கார்பரேட்டர் ஜெட்டில் 125 என்றால் 1.25 மில்லிமீட்டர் துளை. அதை 1.50 ஆக்கினால் பரப்பு 44 சதவீதம் கூடுகிறது. பெட்ரோல் கூடும், சரி. காற்று எங்கிருந்து வரும்?

மணலி டேப்பெட்:
அண்ணே, போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். ஐஸ் லோடோடு மூலக்கடை மேம்பாலத்தில் செகண்ட் கியரில் முக்கிக்கொண்டிருந்த வண்டி இப்போது டாப் கியரில் ஏறுகிறது. புல்லிங் கூடியது என் காலுக்குத் தெரியாதா?

ராயபுரம் ஜீப்:
உங்கள் பழைய ஜெட் அடைத்திருக்கும். அதைக் கழுவியிருந்தாலே ஏறியிருக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், கரிக்கட்டையாக இருக்கும். ஆயில் கம்பியை உருவி முகர்ந்தால் பெட்ரோல் வாடை வரும். அந்தப் பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவி பிஸ்டன் ரிங்கைத் தின்றுவிடும். 44 சதவீதம், தம்பி.

கொருக்குப்பேட்டை:
ரெண்டு வாய் கார்பரேட்டர் போட்டால் காற்றும் வருமே?

ராயபுரம் ஜீப்:
எதன் மேல் போடுவீர்கள்? இந்த என்ஜினில் காற்றை உள்ளே கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டு தனியாகக் கிடையாது, ஹெட்டோடு சேர்த்து வார்த்தது. அந்தப் பாதை எவ்வளவு விடுமோ அவ்வளவுதான் காற்று. 4,000 சுற்றில் சிலிண்டர் முழுக்க நிரம்பினாலும் நிமிஷத்துக்கு 4,400 லிட்டர். நிஜத்தில் முக்கால் பங்கு நிரம்பினால் பெரிது.

எண்ணூர் பிளக்:
இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். இந்தக் கலவைக்குச் சுமார் 13.5. பழைய ஜெட்டோடு ஓட்டினால் காற்றோடு சேரும் எரிபொருள் மெலிந்து என்ஜின் திணறும். ஆகவே பெரிய ஜெட் தேவைதான்.

மணலி டேப்பெட்:
கேட்டுக்கொள்ளுங்கள் அண்ணே!

ராயபுரம் ஜீப்:
எத்தனாலுக்கு 130 போதும், பரப்பில் 8 சதவீதம். 150-க்கு அது சாட்சி ஆகாது. நான் ஆரம்பத்திலிருந்து எதிர்ப்பது 150-ஐத்தான்.

எண்ணூர் பிளக்:
முதல் பதிவில் 130 பற்றி ஒரு வார்த்தை இல்லையே.

ராயபுரம் ஜீப்:
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

தண்டையார்பேட்டை:
எதற்கு இந்தச் சண்டை? டீசல் என்ஜினை இறக்கி மாட்டுங்கள். லோடு வண்டிக்கு அதுதான் அழகு.

கொருக்குப்பேட்டை:
ஆர்.சி.யில் என்ஜின் நம்பரை யார் மாற்றித் தருவார்? அனுமதி வாங்காமல் மாட்டினால் வண்டியைப் பிடித்துப் போடுவார்கள். அப்புறம், போன வருஷம் நீங்கள் எனக்கு விற்ற டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் விரிசல் இருந்தது. அந்தப் பணம் இன்னும் வரவில்லை.

தண்டையார்பேட்டை:
கொடுக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. நீங்கள் முறுக்கி உடைத்ததற்கு நான் பொறுப்பா?

ராயபுரம் ஜீப்:
மூடிப் பஞ்சாயத்தை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். இழந்த சக்தி எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் இடைவெளி 20 தவ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு; பிளக் பொறியின் டைமிங் 5 டிகிரி முன்னால். வால்வைத் தள்ளும் டேப்பெட்டின் இடைவெளி இன்டேக் 18 தவ், எக்ஸாஸ்ட் 16 தவ். இந்த என்ஜினில் இன்டேக் வால்வு மேலே ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு கீழே பிளாக்கில். அந்தக் கீழ் வால்வைச் சோம்பலில் யாரும் தொடுவதே இல்லை. அது சரியாக உட்காராமல் கம்ப்ரஷன் கசிந்துகொண்டே இருக்கும். என் அப்பா காசிமேட்டில் மீன் பெட்டி ஏற்றிய காலத்திலிருந்து இந்த வண்டி எங்கள் வீட்டில் இருக்கிறது. பேசின் பிரிட்ஜ் ஏற்றத்தில் ஒரு நாளும் நின்றதில்லை. ஜெட் 125.

மணலி டேப்பெட்:
அப்பா பெருமை சரி அண்ணே. 150 போட்ட என் வண்டியோடு மூலக்கடையில் ஒரு தடவை ஏறிக் காட்டுங்கள்.

ராயபுரம் ஜீப்:
ஏறுகிறேன். முதலில் உங்கள் நாலு பிளக்கையும் கழற்றிப் படம் போடுங்கள்.

மணலி டேப்பெட்:
படம் எதற்கு? மேம்பாலம் அங்கேயேதான் இருக்கிறது.

ராயபுரம் ஜீப்:
44 சதவீதம். பிளக் படம்.