கருத்தடை ஆலோசனையைக் காணொளி வழியாகப் பெறலாமா?

கேள்வி:
எனக்குக் குழந்தை பிறந்து பத்து வாரங்கள் ஆகின்றன. தாய்ப்பால் கொடுத்து வருகிறேன். கைக்குழந்தையுடன் மருத்துவமனைக்கு அலைய இயலாததால், கருத்தடை மாத்திரைக்காக மருத்துவரைக் காணொளியில் அணுக எண்ணியிருக்கிறேன். உடலைப் பரிசோதிக்காமலேயே மாத்திரை எழுதித் தருவது பாதுகாப்பானதுதானா? வீட்டில் எந்நேரமும் ஆட்கள் இருப்பதால், மனம்விட்டுப் பேச முடியுமா என்ற தயக்கமும் உண்டு.

பதில் 1 (மகப்பேறு செவிலியர்):
மாத்திரை தொடங்க உள் பரிசோதனை கட்டாயமில்லை. கண்முன் ஒளிக்கீற்றுகள் தோன்றி அதன்பின் ஒற்றைத் தலைவலி வருகிறதா, எப்போதேனும் காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்ததுண்டா, வலிப்புக்கோ காசநோய்க்கோ மருந்து உட்கொள்கிறீர்களா என்பன போன்ற கேள்விகளுக்கு நீங்கள் தரும் பதில்களே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கின்றன. கேட்டு அறிய முடியாதது இரத்த அழுத்தம். அது 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கலந்த மாத்திரையைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். ஆகவே முன்கூட்டியே எங்கேனும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தாய்ப்பால் கொடுப்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை ஈஸ்ட்ரோஜன் கலக்காமல் புரோஜெஸ்டின் என்ற ஹார்மோன் மட்டும் உள்ள மாத்திரையே பொதுவாக விரும்பப்படுகிறது.

பதில் 2:
எனக்கு மருத்துவத்தைவிடத் தனிமைதான் பெரும் சிக்கலாக இருந்தது. அருகில் ஆள் இருப்பதைத் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் தெரிவித்தேன். அவர் ‘ஆம்’, ‘இல்லை’ என்று மட்டும் விடையளிக்கக்கூடிய வகையில் கேள்விகளை மாற்றிக்கொண்டார், நான் ஹெட்போன் அணிந்திருந்ததால் அவர் கேட்டது எவர் காதிலும் விழவில்லை. ஆனால், மறுநாள் வந்த நினைவூட்டல் குறுஞ்செய்தியைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை! கைப்பேசியைப் பிறரும் எடுப்பார்கள் என்றால், செய்தி அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பதில் 3:
காப்பர் டி பொருத்தவோ, தோலடி உள்வைப்பு (கையில் தோலுக்கடியில் வைக்கும் சிறு கருத்தடைக் குச்சி) வைக்கவோ நேரில்தான் செல்ல வேண்டும். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை தோலடியில் போடும் ஊசியைப் பெண்களே போட்டுக்கொள்ளலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் பரிந்துரைத்திருப்பதால், அது கிடைக்குமிடத்தில் அதையும் கேட்டுப் பாருங்கள். எந்த முறையானாலும், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியுமோ, நெஞ்சுவலியோ, திடீர் மூச்சுத்திணறலோ ஏற்பட்டால் காணொளி அழைப்புக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. இரத்த அழுத்தத்தை அளந்துவிட்டேன்: 118/76. குழந்தை உறங்கும் வேளையாகப் பார்த்து நேரம் பதிவு செய்திருக்கிறேன். அது உறங்குமா என்பதுதான் இப்போதைய கவலை.