மந்தை நூலகம்: சங்கப் பணத்தை எதில் போடலாம்?

அண்ணன்மார், தம்பிமார், மதினிகள் எல்லாருக்கும் வணக்கம்.

நம் ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் இருக்கும் நூலகத்தை இடித்துவிட்டு, வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் சங்கத்தின் பெயரில் மாடியோடு புதுசாகக் கட்டலாம் என்று குவைத் அண்ணன் எழுதியிருந்தார். கையில் போன் இருக்கும்போது நூலகம் எதற்கு, அந்தப் பணத்தில் ஹைமாஸ் லைட் போடலாம் என்று சிங்கப்பூர் மாப்பிள்ளை பதில் போட்டார். எனக்கு இரண்டிலும் சம்மதம் இல்லை.

மாப்பிள்ளை சொல்வது பாதி சரி. பழைய இலக்கியத்தைத் தேடி அலைந்த காலம் போய்விட்டது. அதைக் கணினியில் ஏற்றியவர்களில் நம்மைப் போல வெளிநாட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் நிறையப் பேர். சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் அப்படி வளர்ந்ததுதான். ஆகவே பெட்டி பெட்டியாகப் புத்தகம் அனுப்பும் யோசனையையும் விட்டுவிடலாம். அந்தப் பெட்டிகளில் வருவது பெரும்பாலும் நம் வீட்டுப் பரணில் இடமில்லாத புத்தகங்கள்தான்.

இன்றைக்கு ஊரில் தட்டுப்பாடு, உட்கார்ந்து படிக்க இடத்துக்கு. என் சித்தப்பா மகள் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். வீட்டில் டிவி ஓயாது. காலையில் பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ்ஸில் ஏறி, மதுரையில் புதுநத்தம் ரோட்டில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போகிறாள். 2023 ஜூலையில் திறந்தது, இரண்டு லட்சம் சதுர அடிக்கு மேல். போட்டித் தேர்வுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. நம் பக்கத்துப் பிள்ளைகள் டிபன் பாக்ஸோடு போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் நாலு மணி ஆனால் புத்தகத்தை மூடிவிட வேண்டும், இருட்டுவதற்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்பது சித்தியின் கட்டளை. அதற்கப்புறம் இருக்கும் நாலு மணி நேரம் டிவிக்கு முன்னால் போகிறது.

மந்தைக் கட்டடத்தை ஜன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்த்தேன். இரும்பு பீரோ, அதன் மேல் பிளீச்சிங் பவுடர் மூட்டை, மூலையில் சக்கரம் போன குப்பை வண்டி, மேசையில் பழுப்பேறிய வருகைப் பதிவேடு. 2006இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் கட்டினார்களே, அதில் ஒன்று. சுவரில் விரிசல் கிடையாது. நூலகத்தைக் கவனித்துக்கொண்டிருந்த பெரியவர் தவறிய பிறகு, அந்தச் சொற்பக் காசுக்கு வேறு ஆள் வரவில்லை. அவ்வளவுதான். இதற்கு மாடி கட்டி என்ன ஆகப்போகிறது, அண்ணே?

இன்னொன்று. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். 1948ஆம் ஆண்டு நூலகச் சட்டத்தின்படி, வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி. நம்மில் பாதிப் பேர் பூட்டிக்கிடக்கிற வீட்டுக்கும் சேர்த்துக் கட்டுகிறோம். அது மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது. மந்தைக் கட்டடமோ ஊராட்சியின் சொத்து, அது வேறு துறை. காசு ஒரு பக்கம், கட்டடம் ஒரு பக்கம். கட்டடத்தைப் பகுதிநேர நூலகமாக எடுத்து நடத்துங்கள் என்று ஊராட்சியில் தீர்மானம் போட்டு நூலகத் துறைக்கு மனு கொடுக்க வேண்டும். நம்மில் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் கட்டி நூலகப் புரவலராகச் சேர்ந்தால் கேட்பதற்கு ஒரு முகம் இருக்கும்.

மனு எப்போது நகரும் என்று யாரும் சொல்ல முடியாது. அதுவரை சங்கம் ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுக்கட்டும், சாயங்காலம் ஐந்திலிருந்து ஒன்பது வரை. பட்டப்படிப்பு முடித்து நம் ஊருக்கு மருமகளாக வந்து வீட்டோடு இருக்கும் பெண்கள் எத்தனை பேர்! அவர்களில் ஒருவர் போதும். ஒரு வைஃபை, ஒரு பிரிண்டர், நல்ல மின்விசிறி. முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதத் தெரியாதவர் வருவார், பேங்கிலிருந்து பேசுகிறோம் என்று எவனோ ஓடிபி கேட்டால் என்ன செய்வது என்று அப்பத்தா வந்து கேட்கும். இது நூலகமா இ-சேவை மையமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். மதுரை ஸ்டேஷன் பக்கத்தில் விக்டோரியா எட்வர்டு மன்றத்தில் பகலில் வாசகசாலை, சாயங்காலம் ரீகல் டாக்கீஸில் இங்கிலீஷ் படம் என்று ஓடியதே, அதனால் யார் படிப்பு கெட்டது?

கட்டடத்துக்கென்று செலவழித்தே ஆக வேண்டுமானால் கழிப்பறை கட்டுங்கள். அது இல்லாமல் பெண் பிள்ளைகள் நாலு மணி நேரம் உட்கார மாட்டார்கள். மாப்பிள்ளை கேட்கும் லைட்டையும் மந்தையிலிருந்து தெருவுக்குப் போகிற வழியில் போடலாம்.

அப்புறம், பேசாமல் விட்டால் பேசாமலே போய்விடும் ஒரு விஷயம். காலனிப் பிள்ளைகள் மந்தைக்கு வந்து உட்கார இன்னும் யோசிக்கிறார்கள். எல்லாரும் ஒரே மேசையில் உட்காருவது என்றால்தான் சங்கப் பணம், இல்லையென்றால் என் பங்கு கிடையாது. வேலைக்கு வைக்கும் பெண்ணும் காலனியிலிருந்தே இருந்தால் எனக்குச் சந்தோஷம். இதைப் படித்துவிட்டு இரண்டு மாமாக்கள் எனக்குப் போன் செய்வார்கள். செய்யட்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஜூம் கூட்டத்தில் இதைத் தனியாக எடுத்துப் பேசலாம். இந்திய நேரம் மாலை ஆறு என்றால் குவைத்துக்கும் சிங்கப்பூருக்கும் தோது. அமெரிக்காவில் இருப்பவர்கள் காப்பி போட்டுக்கொண்டு வாருங்கள். ஊராட்சியில் யாரிடம் போய்ப் பேசுவது என்று விவரம் தெரிந்தவர்கள் அதற்குள் எழுதுங்கள்.