பிரிட்டனின் குப்பைப் புதைப்பு வரி: இரண்டு விகிதம் இருந்தால் ஏமாற்ற மாட்டார்களா?

தாமிரபரணி:
2025–26 நிதியாண்டில் இங்கிலாந்தில் ஒரு டன் குப்பையைப் புதைக்க 126.15 பவுண்டு வரி. மண், கல், கான்கிரீட் என்றால் வெறும் 4.05. இரண்டுக்கும் முப்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். ஏமாற்றுவதை எப்படித் தடுக்கிறார்கள்? உண்மையில் புதைப்பது குறைந்ததா?

கல்லணை:
நன்றாகவே குறைந்தது. 1996 அக்டோபரில் 7 பவுண்டில் தொடங்கியபோது பெரிய அசைவு இல்லை. 2008 முதல் வருஷத்துக்கு 8 பவுண்டு வீதம் ஏற்றி, 2014-ல் 80-க்குக் கொண்டுபோனார்கள். அந்த ஏற்றத்தை முன்கூட்டியே அறிவித்ததுதான் வேலை செய்தது. எரியுலையோ தரம்பிரிக்கும் ஆலையோ கட்டக் கடன் வாங்குபவருக்கு, ஐந்து வருஷம் கழித்துப் புதைப்புச் செலவு எவ்வளவு என்று இன்றே தெரிய வேண்டும்.

வண்டல்:
ஏமாற்று நடப்பது சல்லடைப் பொடியில். கட்டட இடிபாட்டைச் சுழல் சல்லடையில் விட்டால் கீழே விழும் பொடி பார்க்க மண் மாதிரியே இருக்கும். உள்ளே மரத்தூள், காகிதம், பிளாஸ்டிக் துணுக்கு. 20 டன் லாரி ஒன்றை மண் என்று எழுதிவிட்டால் 2,442 பவுண்டு மிச்சம். அதனால் 2015-ல் எரிப்புச் சோதனை கொண்டுவந்தார்கள். காயவைத்த மாதிரியைச் சூடாக்கி, எடை இழப்பு 10 சதவீதத்தைத் தாண்டினால் முழு வரி. (முதல் வருஷம் மட்டும் 15 சதவீதம் வரை விட்டார்கள்.) மாதிரி எடுப்பதில்தான் ஓட்டை: குவியலின் ஒரு பக்கம் மட்டும் அள்ளினால் முடிவு எப்படி வேண்டுமானாலும் வரும். பல இடத்தில் அள்ளிக் கலக்க வேண்டும். ஜிப்சம் பலகைத் தூளையும் விடக்கூடாது. மக்கும் குப்பையோடு சேர்ந்தால் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வரும், அது விஷம்.

கல்லணை:
இன்னொன்று. முதலில் உரிமம் பெற்ற தளத்தில்தான் வரி. திருட்டுத்தனமாகக் கொட்டியவன் தப்பினான். 2018 ஏப்ரலில் அதையும் வரிக்குள் கொண்டுவந்தார்கள். வேல்ஸ் அதே மாதம் தன் சொந்த வரியைத் தொடங்கி, சட்டவிரோதக் கொட்டலுக்கு முழு வரியில் 150 சதவீதம் வைத்தது. அதுதான் சரி, பிடிபட்டாலும் அதே வரிதான் என்றால் யார் பயப்படுவார்?

தாமிரபரணி:
அப்படியானால் மறுசுழற்சி ஏறியிருக்க வேண்டுமே?

வண்டல்:
இல்லை. இங்கிலாந்தில் வீட்டுக் குப்பை மறுசுழற்சி பத்து வருஷத்துக்கும் மேலாக 44 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. உள்ளாட்சிகள் அள்ளுவதில் ஏறக்குறையப் பாதி எரியுலைக்குப் போகிறது. குழிக்கு வரி, உலைக்கு வரி இல்லை என்றால் குப்பை உலைக்குத்தான் ஓடும். உலைகளையும் கார்பன் வெளியேற்றத்துக்கான கட்டணத்துக்குள் 2028 முதல் கொண்டுவரத் திட்டம். ஆரம்பத்திலேயே உலைக்கும் சிறிதாவது வரி வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. நீண்ட கால ஒப்பந்தம் போட்டுக் கட்டிய உலைக்குத் தினம் தீனி போட்டாக வேண்டும். பிறகு பிரித்தெடுக்க உள்ளாட்சிக்கு அக்கறை எங்கே இருந்து வரும்?