புவித்தகவல் துறையில் வேலைவாய்ப்பு: உண்மை நிலவரம் என்ன?

வைகைக்கரையான்:
வணக்கம். மதுரையில் புவியியல் இளங்கலை இறுதியாண்டு படிக்கிறேன், அடுத்து ஜி.ஐ.எஸ். (வரைபடத் தரவைக் கணினியில் கையாளும் முறை), தொலையுணர்வு (செயற்கைக்கோள் படங்கள் போன்றவற்றால் நிலத்தை ஆராய்வது) முதுகலையில் சேர எண்ணியிருக்கிறேன். பயிற்சி மையங்களின் விளம்பரங்களைப் பார்த்தால் வேலை காத்துக் கிடப்பதுபோலத் தெரிகிறது. ஆனால் எனக்கு மூத்த மாணவர் இருவர், இரண்டு ஆண்டுகளாகச் செயற்கைக்கோள் படத்தின்மேல் கட்டடங்களின் ஓரங்களை வரைந்துகொண்டே இருக்கிறார்கள், சம்பளமும் ஏறவில்லை. எதை நம்புவது?

பழைய சர்வேயர்:
இரண்டுமே உண்மைதான், தம்பி. 2020இல் தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில் கிராமக் குடியிருப்பு நிலங்களை ட்ரோன் வைத்து அளந்தார்கள். 2021 பிப்ரவரியில், இந்திய நிறுவனங்கள் வரைபடத் தரவு தயாரிக்க முன் அனுமதி பெற வேண்டியதில்லை என்று மத்திய அரசு விதியைத் தளர்த்தியது. இவற்றால் வேலை பெருகியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதில் பெரும்பகுதி டெண்டர் வேலை. ஒப்பந்தம் முடிந்ததும் ஆளைக் குறைத்துவிடுவார்கள். உங்கள் மூத்தவர்கள் செய்யும், படத்தின்மேல் ஓரம் வரையும் டிஜிட்டைசிங்கோ, இயந்திரக் கற்றலின் கைக்கு வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது. கூகுளும் மைக்ரோசாஃப்டும் அப்படி எடுத்த கட்டட எல்லைகளை இலவசமாகவே வெளியிட்டிருக்கும்போது, அதை மட்டுமே தெரிந்தவருக்கு யார் சம்பளம் உயர்த்துவார்கள்?

அடுக்குத்தரவு:
நான் ஆளெடுக்கும் பக்கத்தில் இருப்பவன். நேர்காணலில் கோவை மாநகர வார்டு எல்லைகளைத் திரையில் காட்டுவேன். அவை வங்கக் கடலுக்குள் கிடக்கும். காரணம் எளியது: உலகைத் தீர்க்கரேகைவாரியாக மண்டலங்களாகப் பிரிக்கும் யூ.டி.எம். முறையில் கோவை 43ஆம் மண்டலத்தில் இருக்க, கோப்பில் சென்னைக்குரிய 44 என்று குறித்திருப்பேன். மென்பொருளின் பொத்தான்களை மட்டும் பழகியவர்கள் எல்லைகளைச் சுட்டியால் இழுத்து கோவைக்குக் கொண்டுவரப் பார்ப்பார்கள் (ஒருவர் உண்மையிலேயே அப்படிச் செய்தார்). ஆயத்தொலை முறையை (இடத்தை எண்களால் குறிக்கும் முறை) கோப்பில் தவறாகக் குறித்திருக்கிறதோ என்று சந்தேகிப்பவரை அப்போதே எடுத்துக்கொள்வேன். அதனுடன் பைதான் நிரல்மொழியும், போஸ்ட்ஜிஐஎஸ் என்னும் வரைபடத் தரவுத்தளத்தில் தானே வினவல் எழுதும் பழக்கமும் இருந்தால், அப்படிப்பட்டவருக்கு எங்கள் பக்கம் இன்றும் தட்டுப்பாடுதான். எந்த மென்பொருள் என்பது எனக்குப் பொருட்டில்லை; க்யூஜிஐஎஸ் என்னும் ஜி.ஐ.எஸ். மென்பொருள் இலவசம், இன்றே தொடங்கலாம்.

குன்றக்குடி வாசகர்:
ஒன்றைச் சேர்க்கிறேன். 2022 முதல், முதுகலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் தேர்வில் ஜியோமேட்டிக்ஸ் (நில அளவை, வரைபடத் தரவு) பொறியியலுக்குத் தனித்தாள் உண்டு. அறிவியல் பட்டதாரிகளும் எழுதலாம். டேராடூனில் இஸ்ரோவின் தொலையுணர்வு நிறுவனம் நடத்தும் இணையவழிக் குறுகியகாலப் பயிற்சிகளில் பலவற்றுக்குக் கட்டணமில்லை. தனியார் மையத்துக்குப் பணம் கட்டுமுன் அவற்றைப் பாருங்கள்.

வைகைக்கரையான்:
அனைவருக்கும் நன்றி. இன்று காலை க்யூஜிஐஎஸ் நிறுவி எங்கள் மாவட்டத்தைத் திறந்தேன். 43, 44ஆம் மண்டலங்களைப் பிரிக்கும் 78ஆம் தீர்க்கரேகை நடுவே ஓடுகிறது. உசிலம்பட்டி 43இல், மதுரை நகரம் 44இல். மூன்று ஆண்டுப் படிப்பில் இதை ஒருமுறைகூட வரைந்து பார்த்ததில்லை. இப்படி இரண்டு மண்டலங்களில் கிடக்கும் மாவட்டத்தின் பரப்பளவை எந்த மண்டலத்தில் வைத்துக் கணக்கிடுவது, ஐயா?