மூன்று வாரமாகப் புள்ளியெல்லாம் பெஞ்சிலேயே நிற்கிறது, என் பேண்டஸி அணியில் எங்கே தப்பு?

காசிமேடு_லெஃப்ட்விங் | வியாழன் இரவு, 2025 நவம்பர் 6

வணக்கம். பிரீமியர் லீக் பேண்டஸி (இங்கிலாந்து கால்பந்து லீக் ஆட்களை வைத்து ஆப்பில் அணி அமைப்போம், நிஜ ஆட்டத்தில் அவர்கள் ஆடுவதற்கு நமக்குப் புள்ளி; பெஞ்சில் இருப்பவர்கள் மாற்று ஆட்கள்) ஆடுகிறவர்கள் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலுமாக 14 பேர் சேர்ந்து ஒரு லீக் வைத்திருக்கிறோம். காசு கிடையாது. சீசன் முடியும்போது கடைசி இடத்தில் இருப்பவர் பீச் ஸ்டேஷன் பக்கம் எல்லோருக்கும் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) வாங்கித் தர வேண்டும். 7ஆவது வாரம் வரை நான் 4ஆவது இடம். இப்போது 12.

நடந்ததைச் சொல்கிறேன். லீக் பையன்களும் இங்கே படிப்பார்கள் என்பதால் சில பெயர்களை விட்டுவிடுகிறேன்.

8ஆவது வாரம்: என் கேப்டன் (இவர் புள்ளி இரட்டிப்பாகும்) ஆடுவது சந்தேகம் என்று சனிக்கிழமை மதியம் தெரிந்தது. இரண்டரை மணிக்கே வைஸ் கேப்டனைக் கேப்டனாக மாற்றிவிட்டேன். ஆனால் ஆட்டம் தொடங்கியதும் பார்த்தால் பழைய கேப்டனே இருக்கிறார். அவர் 85ஆவது நிமிடம் இறங்கினார். 1 புள்ளி, இரட்டிப்பாகி 2. வைஸ் கேப்டன் எடுத்த 9 அப்படியே நின்றது. கேப்டன் சரியாக ஆடாவிட்டால் வைஸ் கேப்டனுக்கு இரட்டிப்பு வர வேண்டும் அல்லவா?

9ஆவது வாரம்: சனிக்கிழமை காலை வேலை முடித்து வந்து அணியைத் திறந்தேன். பூட்டிவிட்டது. டெட்லைன் சனி மதியம் மூன்றரை மணி என்றுதான் நினைத்திருந்தேன்.

10ஆவது வாரம்: மூன்று டிஃபென்டர், ஐந்து மிட்ஃபீல்டர், இரண்டு ஃபார்வேர்டு என்று இறக்கினேன். ஒரு டிஃபென்டர் களத்துக்கே வரவில்லை. பெஞ்சில் முதலில் வைத்திருந்த ஃபார்வேர்டு இரண்டு கோல் போட்டு 13 புள்ளி எடுத்தார். ஆனால் அவரை விட்டுவிட்டு, பெஞ்சில் இரண்டாவதாக இருந்த டிஃபென்டரை எடுத்துக்கொண்டது. அவர் எடுத்தது 1 புள்ளி. இது ஆப்பின் கோளாறா?

இந்த வாரத்துக்கும் ஒரு கேள்வி. கோல்கீப்பர் ராயா, டிஃபென்டர்கள் கேப்ரியல், டிம்பர் என்று அர்செனல் ஆட்கள் மூன்று பேர் வைத்திருக்கிறேன் (பாதிப் பேரிடம் இருப்பதால் இது ரகசியமில்லை). சனிக்கிழமை சண்டர்லாந்து ஊரில் ஆட்டம். மூவரையும் இறக்கலாமா? பெஞ்சில் எவர்ட்டன் டிஃபென்டர் டர்கோவ்ஸ்கி இருக்கிறார். கேப்டன் மான்செஸ்டர் சிட்டி ஹாலந்த் என்று வைத்திருக்கிறேன், லிவர்பூலுக்கு எதிராக. சரிதானா?

பெரம்பூர்_பேரேடு

தம்பி, கடைசியிலிருந்து வருகிறேன். 10ஆவது வாரம் நடந்தது கோளாறு இல்லை, விதி. களத்தில் எப்போதும் குறைந்தது 3 டிஃபென்டர் இருந்தாக வேண்டும். நீங்கள் இறக்கியதே 3 பேர். அதில் ஒருவர் வரவில்லை என்றால் அந்த இடத்துக்கு இன்னொரு டிஃபென்டர்தான் வர முடியும். பெஞ்சில் முதலில் யார் இருந்தாலும் தாண்டிப் போய்விடும். அன்று நீங்கள் 4 டிஃபென்டர் இறக்கியிருந்தால், ஒருவர் வராவிட்டாலும் 3 பேர் மிச்சம். அப்போது முதல் பெஞ்சில் இருந்த ஃபார்வேர்டு உள்ளே வந்திருப்பார். டிஃபென்டர் யாராவது ஆடுவது சந்தேகம் என்று பட்டால் அந்த வாரம் 4 பேரோடு போங்கள். நான் இரண்டு சீசனாக இப்படித்தான் செய்கிறேன்.

கேப்டன் விஷயம்: வைஸ் கேப்டனுக்கு இரட்டிப்பு வருவது கேப்டன் ஒரு நிமிடம்கூட ஆடாதபோது மட்டும்தான். 85ஆவது நிமிடம் இறங்கினாலும் இறங்கியதுதான்.

9ஆவது வாரம் பலரும் ஏமாந்தார்கள். டெட்லைனுக்கு நிலையான கிழமை இல்லை. அந்த வாரத்தின் முதல் ஆட்டம் தொடங்க 90 நிமிடம் முன்னால் பூட்டிவிடும். அன்று லீட்ஸும் வெஸ்ட் ஹாமும் வெள்ளி இரவே ஆடினார்கள். அவர்கள் ஊரில் இரவு 8 மணி என்றால் நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. ஆகவே நம் டெட்லைன் வெள்ளி இரவு 11.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள். மூன்றரை மணி டெட்லைன் இனி நமக்கு நாலரை. இது நமக்கு லாபம். மார்ச் கடைசி ஞாயிறு மறுபடி முன்னால் தள்ளுவார்கள். நாலரை என்று பழகியிருப்பவர்கள் அப்போதுதான் மாட்டிக்கொள்வார்கள்.

ஒரு சந்தேகம். கேப்டனை மாற்றிய பிறகு சேவ் அழுத்தினீர்களா?

காசிமேடு_லெஃப்ட்விங்

அக்கா, இப்போது உட்கார்ந்து யோசித்தால் அழுத்தின ஞாபகமே இல்லை. அன்று ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மாற்றினேன். கையெல்லாம் ஈரம், திரையில் செதில் ஒட்டியிருந்தது. விரல் வைத்தால் வேறு எங்கோ போனது. கைலியில் துடைத்துத் துடைத்து எப்படியோ புது ஆளின் பெயர் பக்கத்தில் கேப்டன் அடையாளம் வந்தது. வந்ததும் முடிந்தது என்று போனைப் பையில் போட்டுவிட்டேன்.

வெள்ளி இரவு விஷயமும் புரிந்தது. ஏலத்துக்கு விடியற்காலை இரண்டு மணிக்கு எழ வேண்டும் என்பதால் வெள்ளி ஒன்பது மணிக்கே படுத்துவிடுவேன்.

பெரம்பூர்_பேரேடு

அதுதான். அடையாளம் மாறியது உங்கள் திரையில் மட்டும். சேவ் அழுத்தாமல் வெளியே வந்தால் பழைய அணிதான் நிற்கும். மாற்றி முடித்ததும் ஒரு தடவை வெளியே போய்த் திரும்ப உள்ளே வந்து பாருங்கள். அப்புறம், இந்த மூன்று வாரத்தில் டிரான்ஸ்ஃபர் (ஒருவரை விட்டு இன்னொருவரை எடுப்பது) எத்தனை செய்தீர்கள்?

காசிமேடு_லெஃப்ட்விங்

8ஆவது வாரம் 3, அதில் 1தான் இலவசம். 9இல் பூட்டிவிட்டதால் எதுவும் இல்லை. 10ஆவது வாரம் 4, அப்போது கையில் 2 இலவசம் இருந்தது.

பெரம்பூர்_பேரேடு

அப்படியென்றால் கணக்கு போடுவோம். கூடுதல் டிரான்ஸ்ஃபர் ஒவ்வொன்றுக்கும் 4 கழியும். 8ஆவது வாரம் இரண்டு கூடுதல், 10ஆவது வாரம் இரண்டு கூடுதல். மொத்தம் 16 போயிற்று. கேப்டன் மாறாததால் போனது 8. வைஸ் கேப்டனின் 9, 18 ஆகியிருக்கும், பழையவரிடம் 1 குறைந்திருக்கும். பெஞ்சில் விட்டது 12. கோளாறு என்று நீங்கள் நினைத்த இரண்டையும் கூட்டினால் 20 வருகிறது. ஆனால் தனியாகப் பார்த்தால் பெரிய ஓட்டை அந்த 16தான். அதை நீங்கள் கேள்வியில் எழுதவே இல்லை.

இலவச டிரான்ஸ்ஃபரை 5 வரை சேர்த்து வைக்கலாம். ஒரு வாரம் சும்மா விட்டால் நஷ்டம் இல்லை.

புளியந்தோப்பு_9

நண்பா, ரொம்ப யோசிக்காதே. அர்செனல் மூவரையும் இறக்கு. வெஸ்ட் ஹாம், ஃபுல்ஹாம், கிரிஸ்டல் பேலஸ், பர்ன்லி என்று கடைசி 4 லீக் ஆட்டத்திலும் அவர்கள் கோலே வாங்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஐரோப்பியப் போட்டிக்குப் பிராக் போய் 3-0 வெற்றி. கீழ் டிவிஷனிலிருந்து ஏறி வந்த அணிக்கு எதிராக இவர்களை யாராவது பெஞ்சில் வைப்பார்களா?

கேப்டன் ஹாலந்த்தான். 2022-23இல் ஒரே சீசனில் 36 லீக் கோல் போட்ட ஆள். போன வாரம் போர்ன்மவுத்துக்கு எதிராக இரண்டு, புதன்கிழமை டார்ட்மண்டுக்கு எதிராகவும் ஒன்று.

முல்லைநகர்_கோச்

தம்பி லெஃப்ட்விங், வியாசர்பாடியில் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். பேண்டஸி விளையாடுவது என் மகன் பழக்கிவிட்டது. அக்கா விதியைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் ஆட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

உன் மூன்று வாரத்திலும் ஒரே தப்புதான் இருக்கிறது. யார் கோல் போடுவார் என்று பார்த்து ஆள் எடுக்கிறாய். யார் 90 நிமிடம் களத்தில் நிற்பார் என்று பார்ப்பதில்லை. 60 நிமிடத்துக்குக் கீழ் ஆடினால் 1 புள்ளி, 60 தொட்டால் 2. டிஃபென்டருக்குக் கிளீன் ஷீட்டின் (கோல் வாங்காமல் இருப்பதன்) 4 புள்ளியும் 60 நிமிடம் ஆடினால்தான். உள்ளூர்ப் போட்டிக்கு அணி எடுக்கும்போது நான் முதலில் கேட்பது "காலில் வலி இருக்கிறதா, நேற்று எங்கே ஆடினாய்" என்பதைத்தான். திறமை எனக்கு ஏற்கெனவே தெரியும். வாரத்தின் நடுவில் ஐரோப்பியப் போட்டி ஆடிய அணியில் யாருக்கு ஓய்வு வரும் என்று வியாழன், வெள்ளியில் மேனேஜர்கள் பேட்டி கொடுப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு கேப்டனை வை.

இந்த சீசனில் வந்திருக்கும் புது விதியையும் நீ கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். டிஃபென்டர் ஒருவர் ஒரே ஆட்டத்தில் கிளியரன்ஸ், பிளாக், இன்டர்செப்ஷன், டேக்கிள் எல்லாம் சேர்த்து 10 செய்தால் 2 புள்ளி. மிட்ஃபீல்டர், ஃபார்வேர்டு என்றால் தவறிய பந்தை மீட்டதையும் சேர்த்து 12 வேண்டும்.

இந்த விதியைப் படித்ததும் ஒரு ஞாயிறு நானும் மகனும் மைதானத்துச் சுவரில் ஒரு நோட்டோடு உட்கார்ந்தோம். இரண்டு அணியிலும் ஒவ்வொரு பையனுக்கும் கோடு போட்டு எண்ணினோம். தலையால் அடித்து விரட்டினால் ஒரு கோடு, குறுக்கே காலை நீட்டிப் பந்தை எடுத்தால் ஒரு கோடு. கோல் போட்டவனை மைதானமே தூக்கிக்கொண்டு ஆடியது. நோட்டில் அவன் பெயருக்கு எதிரே இரண்டே கோடு. நடுவில் ஆடிய ஒரு பையன், ஆட்டம் முழுக்க யாரும் அவன் பெயரைக் கூப்பிடவில்லை, அவனுக்குப் பதினான்கு. ஆட்டம் முடிந்ததும் நோட்டை அவனிடம் காட்டினேன். அவன் ஒவ்வொரு கோடாக விரல் வைத்து எண்ணிப் பார்த்தான். எங்கள் வியாசர்பாடியிலிருந்து போன தனபால் கணேஷ், 2017-18இல் சென்னையின் எஃப்சி ஐஎஸ்எல் (இந்தியக் கால்பந்து லீக்) கோப்பை வென்றபோது நடுக்களத்தில் செய்ததும் இந்த வேலைதான். அந்த சீசன் அரையிறுதியில் கோவாவுக்கு எதிராகக் கோலும் போட்டார். இந்த மாதிரி ஆட்களுக்கு பேண்டஸியில் இப்போதுதான் புள்ளி வருகிறது. எனக்கு அதில் உண்மையான சந்தோஷம்.

அதனால்தான் டர்கோவ்ஸ்கியைப் பெஞ்சில் வைக்காதே என்கிறேன். பந்து அவர் தலையைத் தேடி வரும். எவர்ட்டன் தங்கள் மைதானத்தில் ஃபுல்ஹாமோடு ஆடுகிறார்கள். சண்டர்லாந்தை ஏறி வந்த அணி என்று லேசாக எடுக்காதே. இரண்டு வாரம் முன்பு செல்சியை செல்சி மைதானத்திலேயே 2-1 என்று வென்றவர்கள். ராயாவும் கேப்ரியலும் போதும். கேப்ரியல் கார்னருக்கு மேலே ஏறி வருவார், டிஃபென்டர் கோல் 6 புள்ளி. இந்த வாரம் டிம்பர் பெஞ்சில் முதல் ஆளாக இருக்கட்டும்.

ஹாலந்த் கேப்டன் சரி. பெனால்டி அடிப்பவர், புதன் ஆடிவிட்டு ஞாயிறுதான் அடுத்த ஆட்டம்.

கொருக்குப்பேட்டை_ஸ்டாப்பர்

இடையில் ஒரு கேள்வி. என் லீகில் ஆளுக்கு 200 ரூபாய் போட்டு ஆடலாம் என்கிறார்கள். நீங்கள் எல்லாம் எப்படி?

பெரம்பூர்_பேரேடு

வேண்டாம் என்பேன். காசு கட்டி ஆடும் இணைய விளையாட்டுக்கு எதிராக 2025 ஆகஸ்டில் சட்டமே வந்துவிட்டது. அதற்கு முன் என் தம்பி ஒரு செயலியில் மாதச் சம்பளத்தில் பாதியை விட்டவன், அதனால் அழுத்திச் சொல்கிறேன். இந்த விளையாட்டு இலவசம், அப்படியே ஆடுங்கள்.

காசிமேடு_லெஃப்ட்விங்

கோச் அண்ணா, நன்றி. ஒயில்ட்கார்டு (புள்ளி கழியாமல் எத்தனை பேரையும் மாற்றும் வாய்ப்பு) இன்னும் கையில் இருக்கிறது. அணியையே மாற்றிவிடட்டுமா?

முல்லைநகர்_கோச்

இப்போது வேண்டாம். இந்த வாரம் முடிந்ததும் நாடுகளுக்கான ஆட்டம் வருகிறது. முதல் ஒயில்ட்கார்டை 19ஆவது வார டெட்லைனுக்குள் போட்டால் போதும். கோபத்தில் போட்டுவிட்டால் இரண்டே வாரத்தில் மறுபடி அதே இடத்தில் நிற்பாய்.

காசிமேடு_லெஃப்ட்விங் | திங்கள் காலை

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். டிம்பரைப் பெஞ்சில் வைத்தேன், டர்கோவ்ஸ்கியை இறக்கினேன். சேவ் அழுத்தி, வெளியே போய், திரும்ப வந்து பார்த்தேன். டிரான்ஸ்ஃபர் எதுவும் செய்யவில்லை.

எவர்ட்டன் 2-0, கிளீன் ஷீட். அர்செனல் ஆட்டத்தை மீன் கடை அண்ணனோடு அவர் வீட்டுத் திண்ணையில் பார்த்தேன். பல்லார்ட் முதல் கோல் போட்டதுமே கிளீன் ஷீட் போய்விட்டது. சாகாவும் டிராசார்டும் திருப்பிக் கொடுத்தார்கள். 94ஆவது நிமிடம் பிரோபி சமன் செய்தபோது அண்ணன் எழுந்து உள்ளே போய்விட்டார், அவரிடம் மூவருமே இருந்தார்கள். இரண்டு கோல் வாங்கியதற்கு ஆளுக்கு மேலும் 1 கழிந்தது.

ஹாலந்த் பெனால்டியைக் கீப்பர் தடுத்துவிட்டார், அங்கே 2 போயிற்று. கேப்டன் என்பதால் எனக்கு 4. பிறகு தலையால் ஒரு கோல். சிட்டி 3-0 வென்றும் நான் நினைத்த அளவு வரவில்லை. ஆனாலும் லீகில் 12இலிருந்து 9க்கு வந்துவிட்டேன்.

இப்போது இலவச டிரான்ஸ்ஃபர் 2 இருக்கிறது. இன்றே ஒருவரை மாற்றலாம் என்று கை போகிறது.

முல்லைநகர்_கோச்

பெனால்டியை நான்தான் காரணமாகச் சொன்னேன், அது அப்படிப் போய்விட்டது. பரவாயில்லை, பெனால்டி அடிக்கிற ஆளைத்தான் அடுத்த முறையும் கேப்டனாக வைப்பேன்.

இன்று மாற்றாதே. உன் ஆட்களில் பலர் இந்த இரண்டு வாரமும் அவரவர் நாட்டுக்காக ஆடப் போகிறார்கள். காயத்தோடு திரும்பி வருபவர் யார் என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் திரும்பிய பிறகு, வெள்ளிக்கிழமை பேட்டிகளைப் பார்த்துவிட்டு முடிவு செய்.

பெரம்பூர்_பேரேடு

அடுத்த டெட்லைன் நவம்பர் 22, சனி மாலை 4:30. போனில் அலாரம் வைத்துவிடுங்கள் தம்பி, நாலு மணிக்கே. கையைத் துடைக்க நேரம் வேண்டும்.

காசிமேடு_லெஃப்ட்விங்

வைத்துவிட்டேன் அக்கா. வெள்ளி இரவு எட்டரைக்கும் ஒன்று வைத்திருக்கிறேன்.