அம்மாவின் தலைக்குள் வெடித்த ரத்தக்குழாயும் நான் தயங்கிய இரண்டு மணித்தியாலமும்

போன வருஷம் உப்புவெளி வீட்டில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மா, "தம்பி, பிடரியில ஆரோ கட்டையால அடிச்ச மாதிரி இருக்குது" என்று சுவரைப் பிடித்தார். உடனே சத்தி. பிரஷராக்கும் என்று பனடோல் கொடுத்துப் படுக்க வைத்தோம். அதிலேயே அரை நாள் போய்விட்டது. ஒரே கணத்தில் உச்சிக்கு ஏறும் தலைவலி வந்தால், தயவுசெய்து வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

ஸ்கானில் மூளையைச் சுற்றி ரத்தம். அன்றிரவே அம்புலன்ஸில் ஹபரணை, தம்புள்ளை தாண்டிக் கண்டிக்குப் போனோம். ரத்தக்குழாயில் பலூன் போல ஊதிய இடம் வெடித்திருக்கிறது, மண்டையோட்டைத் திறந்து அதன் கழுத்தில், அதாவது வீக்கம் குழாயோடு ஒட்டும் இடத்தில், கிளிப் போட வேண்டும் என்றார் டொக்டர். தொடை வழியாகக் கம்பிச்சுருள் விட்டு அடைக்கும் முறையும் இருக்கிறது. அம்மாவுடையது கழுத்து அகன்ற வீக்கம் என்பதால் அது சரிவராதாம்.

ஆபத்துகளை அவர் ஒளிக்கவில்லை. கிளிப் போடுவதற்குள் மறுபடி வெடிக்கலாம். பக்கத்துச் சின்னக் குழாயையும் கிளிப் நெரித்துவிட்டால் பக்கவாதம் வரும். வலிப்பு, கிருமித்தொற்று வேறு. மாமா "மண்டையத் திறக்க விடாத" என்று அழுதார். நானும் இரண்டு மணித்தியாலம் கையெழுத்து வைக்காமல் நின்றேன். அப்புறம்தான் கேட்கத் தோன்றியது: செய்யாமல் விட்டால்? மறுபடி கசியும் ஆபத்து முதல் 24 மணித்தியாலத்தில்தான் மிக அதிகம், அப்படிக் கசிந்தால் பலர் தப்புவதில்லை என்றார். இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். ஒப்பரேஷனின் ஆபத்தை மட்டும் தனியே வைத்து நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கையெழுத்து வைத்தேன். ஒப்பரேஷன் நடக்கும்போது அந்த வீக்கம் மறுபடி வெடிக்கத்தான் செய்தது. தற்காலிகக் கிளிப்பால் குழாயைக் கொஞ்ச நேரம் அடைத்து, ரத்தத்தை உறிஞ்சிவிட்டு, நிரந்தரக் கிளிப் போட்டார்களாம்.

மூன்றாம் நாள் அம்மா பேசினார். தப்பிவிட்டார் என்று எல்லாருக்கும் போன் எடுத்தேன். ஏழாம் நாள் வலக்கை விழுந்தது, சொல் வரவில்லை. கசிந்த ரத்தம் பட்டு மூளைக் குழாய்கள் சுருங்குமாம். 4ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை அந்தப் பயம் இருக்கும் என்றார்கள். அதனால் வரும் பாதிப்பைக் குறைக்க நிமோடிபின் குளிசை நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, 21 நாள். நடுச்சாமத்திலும் எழுப்பிக் கொடுத்தார்கள்.

கை முக்கால்வாசி திரும்பிவிட்டது. பெயர்கள்தான் இன்னும் மாறுகின்றன, பாரையைச் சூடை என்கிறார். காலையில் வாங்கி வரும் மீனைக் காட்டிக் காட்டிப் பழக்குகிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படிச் சொல் முழுதாகத் திரும்பியிருந்தால், எத்தனை மாதம் எடுத்தது என்று எழுதுங்கள்.