ஹைட்ரஜனுக்கு மூணு நாள் ட்ரெய்னிங் போதுமாம், கேட்டுக்கோங்க

மணலி ஷிப்ட்:
நேத்து ஐஐடி-ஹூண்டாய் திரியில ஒரு மேதாவி எழுதியிருக்கார், ஹைட்ரஜன் துறைக்கு யுனிவர்சிட்டிங்க சேர்ந்து நடத்துற எம்டெக்தான் வேணுமாம், ஐடிஐ பசங்களுக்கு மூணு நாள் சேஃப்டி க்ளாஸ் எடுத்தா போதுமாம். மூணு நாள்! ரிஃபைனரில புதுசா வர்ற பையனுக்கு எந்த வால்வு எங்க இருக்குன்னு காட்டவே மூணு நாள் பத்தாது.

எம்டெக் மச்சான்:
அந்த மேதாவி நான்தான் சார். 'அடிப்படை' சேஃப்டின்னு எழுதினேன், அந்த வார்த்தையை வசதியா முழுங்கிட்டீங்க. 2024 ஜனவரி முதலீட்டாளர் மாநாட்டுல ஹூண்டாய் 180 கோடி அறிவிச்சது ஐஐடி மெட்ராஸோட சேர்ந்து ஹைட்ரஜன் மையம் அமைக்க, வெல்டிங் ஷெட் போட இல்ல. ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க எலக்ட்ரோலைசர், அதான் கரண்ட் விட்டுத் தண்ணியைப் பிரிக்கிற மெஷின், இன்னிக்கும் 50 யூனிட்டுக்கு மேல கரண்ட் குடிக்குது. அதைக் குறைக்கப்போறது மெம்பரேன், கேட்டலிஸ்ட் படிச்சவனா, ஸ்பேனர் பிடிக்கிறவனா?

மணலி ஷிப்ட்:
யூனிட் கணக்கு அப்புறம் பாப்போம் தம்பி. மூணு நாள்னு சொன்னீங்களா இல்லையா? காத்துல 4 சதவீதம் கலந்தாலே ஹைட்ரஜன் பத்தும், 75 சதவீதம் வரைக்கும் பத்தும். பகல்ல தீ கண்ணுக்கே தெரியாது. ஃப்ளேஞ்ச்ல, அதான் பைப் ஜாயின்ட்ல, லீக்னு சந்தேகம் வந்தா அந்தக் காலத்துல நீட்டுத் துடைப்பத்தை முன்னாடி நீட்டிக்கிட்டுதான் நடப்பாங்க, துடைப்பம் குப்புனு பத்திச்சுன்னா தீ அங்க இருக்குன்னு தெரிஞ்சுப்பாங்க. லைனைத் திறக்கறதுக்கு முன்னாடி நைட்ரஜன் விட்டுக் கழுவணும், மீட்டர் வெச்சுப் பாக்கணும், அவசரப்பட்டா குடும்பத்துக்கு இன்சூரன்ஸ் பணம்தான் வரும். இது எந்த யுனிவர்சிட்டி சிலபஸ்ல இருக்கு?

பாலிடெக்னிக் வாத்தி:
ஒரு நிமிஷம், பயிற்சின்னு யாருக்குச் சொல்றீங்க ரெண்டு பேரும்? ஆபரேட்டருக்கா, மெயின்டனன்ஸுக்கா, டிசைனுக்கா? அதைச் சொல்லாம மூணு நாளா மூணு வருஷமான்னு எப்படிப் பேசறது?

மணலி ஷிப்ட்:
வாத்தியாரே, அவர் மூணு நாள்னு சொன்னதுக்கு முதல்ல பதில் வரட்டும்.

முத்துநகர் அண்ணாச்சி:
நீங்க ரெண்டு பேரும் மெட்ராஸ்க்குள்ளயே சண்ட போடுங்க. எங்க தூத்துக்குடி ஸ்பிக் உர ஆலைல அம்மோனியாவுக்காக 1970கள்லருந்தே ஹைட்ரஜன் எடுக்கான், அதக் கண்டுபிடிச்சதே உங்க ஐஐடியோட தையூர் கேம்பஸ்லன்னு நெனப்பு உங்களுக்கு. 2024 பிப்ரவரில பிரதமர் வந்து எங்க துறைமுகத்துல ஹைட்ரஜன் ஹப்புக்கு அடிக்கல் நாட்டுனாரு, அன்னைக்கே தொடங்கி வச்ச ஹைட்ரஜன் படகு கொச்சில கட்டுனது, ஓட்டுறதுக்குக் காசிக்குப் போயிட்டு. படிப்பு தையூருக்கு, படகு காசிக்கு, எங்களுக்குக் கல்வெட்டு!

எம்டெக் மச்சான்:
கல்வெட்டு மட்டுமா அண்ணாச்சி, 2025 செப்டம்பர்ல உங்க துறைமுகத்துலயே பைலட் ப்ளான்ட் திறந்தாச்சே, அதுல தெரு விளக்கு எரியுது.

முத்துநகர் அண்ணாச்சி:
தெரு விளக்கு எரிஞ்சா எம்பயலுக்கு வேல கெடச்சிருமா?

பாலிடெக்னிக் வாத்தி:
அதைத்தான் கேக்கறேன். 2023ல மத்திய அரசு 19,744 கோடியில பசுமை ஹைட்ரஜன் மிஷன் அறிவிச்சு 2030க்குள்ள 6 லட்சம் வேலைன்னு சொன்னாங்க, அதுல டிப்ளமோ பசங்களுக்கு எத்தனை? எங்க பக்கத்துல ஒரு தனியார் காலேஜ், வெளிநாட்டு யுனிவர்சிட்டியோட ஒப்பந்தம் போட்டு வாசல்ல பச்சை போர்டு மாட்டியிருக்கு. உள்ள போய்ப் பாத்தா கண்ணாடிப் பெட்டிக்குள்ள உள்ளங்கை சைஸ்ல, ஹைட்ரஜன்ல கரண்ட் எடுக்கிற ஒரு ஃப்யூவல் செல், பக்கத்துல குட்டி ஃபேன் சுத்துது. அதைப் பசங்க தொடவும் கூடாதாம்.

எம்டெக் மச்சான்:
ஒரு டுபாக்கூர் காலேஜை வெச்சு எல்லா யுனிவர்சிட்டி கூட்டு முயற்சியையும் திட்டாதீங்க. ஐரோப்பாவுல டீச்ஹைனு ஒண்ணு, பர்மிங்ஹாம் யுனிவர்சிட்டி தலைமையில பல நாட்டு யுனிவர்சிட்டிங்க சேர்ந்து ஒரே மாஸ்டர்ஸ் படிப்பை உருவாக்கினாங்க. தனித்தனியா எல்லாருக்கும் லேப் கட்டக் காசு இல்ல, பாடத்தைப் பகிர்ந்துக்கிட்டாங்க. இங்க அண்ணா யுனிவர்சிட்டியும் ஐஐடியும் ஒரே மேசையில உக்காருமா?

மணலி ஷிப்ட்:
பர்மிங்ஹாம்ல மூணு நாள்ல ஃபிட்டரை ரெடி பண்றாங்களாமா?

எம்டெக் மச்சான்:
சார் நீங்க அந்த மூணு நாளை விட்டு வெளிய வரவே மாட்டீங்களா!

மணலி ஷிப்ட்:
எதுக்கு வரணும்? இவி பேட்டரி திரியிலயும் இப்படித்தான் ஏதோ சொல்லிட்டு அப்புறம் கமென்டை எடிட் பண்ணீங்க, ஸ்க்ரீன்ஷாட் எங்கிட்ட இருக்கு. பெரம்பூர் ஐசிஎஃப்ல 2025 ஜூலையில ஹைட்ரஜன் ரயில் பெட்டியை ஓட்டிப் பாத்தாங்களே, 350 பார் ப்ரஷர்ல சிலிண்டரோட ஒரு வண்டி ஷெட்டுக்குள்ள வந்து நின்னா அதுல கை வைக்கப்போறது யாரு, உங்க எம்டெக்கா? அந்த ஷெட்டுல மேல்கூரைல வாயு தங்கக்கூடாதுன்னு எவனாவது சொல்லிக் குடுக்கணும்ல. ஹைட்ரஜன் இரும்புக்குள்ள புகுந்து அதை நொறுங்க வைக்கும், அந்த இரும்புக்கு வெல்டு போடறவனுக்கு உங்க மூணு நாள்!

எம்டெக் மச்சான்:
இரும்பு ஏன் நொறுங்குதுன்னு ஆராய்ச்சி பண்ணவங்கள்ல யுனிவர்சிட்டிக்காரங்களும் உண்டு. நன்றி கூடச் சொல்ல மாட்டீங்க.

முத்துநகர் அண்ணாச்சி:
எல்லாஞ் சரி, ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் நல்ல தண்ணி வேணும்லா? எங்கூர்ல குடிக்கவே குடத்தத் தூக்கிட்டு அலையுதோம், அதுக்கு ஒரு பாடமும் கெடையாதா?

எம்டெக் மச்சான்:
கடல் தண்ணியச் சுத்திகரிச்சு எடுப்பாங்க அண்ணாச்சி, கரண்ட் செலவுல அது கொஞ்சூண்டுதான்.

முத்துநகர் அண்ணாச்சி:
மிஞ்சுத உப்புத்தண்ணிய எங்க விடுவாங்க, ஒங்க ஹாஸ்டல் வாசல்லயா?

மணலி ஷிப்ட்:
அண்ணாச்சி, நடுவுல தண்ணிப் பஞ்சாயத்தைக் கொண்டுவந்து அவரைத் தப்பிக்க விடாதீங்க.

முத்துநகர் அண்ணாச்சி:
நீரு யாருவே எங்கூரு தண்ணிய பஞ்சாயத்துங்கதுக்கு?